திரும்பத் திரும்ப வரும் காது வலி: காத்திருப்பதா, சிரப்பா, டியூபா?

குழந்தைக்கு ஒரே வருடத்தில் நாலாவது முறையாகக் காதில் தொற்று வந்துவிட்டால், பெற்றோருக்கு ஆளுக்கொரு யோசனை கிடைக்கும். ஒரு டாக்டர் "வளர வளரச் சரியாகிவிடும்" என்பார். இன்னொருவர் போன தடவை கொடுத்த சிரப்பைவிடப் பவர் கூடியதாக ஒன்றை எழுதித் தருவார். ஈ.என்.டி. டாக்டரிடம் போனால், செவிப்பறையில் பொருத்தும் சின்ன உருளை ஒன்றைச் சொல்லி, "டியூப் வைத்துவிடலாம், பத்து நிமிட வேலை" என்பார். மூவர் சொல்வதும் உண்மைதான், ஆனால் ஒரே குழந்தைக்கு அல்ல. எந்தக் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதை எத்தனை தடவை வந்தது என்ற எண்ணிக்கை மட்டும் முடிவு செய்வதில்லை. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: காய்ச்சலும் வலியும் இல்லாமல் குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் நாட்களில், காதுக்குள் நீர் வடிந்துவிடுகிறதா, அப்படியே தேங்கி நிற்கிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எடுக்கும் முடிவு குருட்டாம்போக்குதான்.

வருவது எந்த நோய்?

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதுதான் நடுக்காது. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு யூஸ்டேஷியன் குழாய் போகிறது. உள்ளே காற்று போவதும் சேர்கிற நீர் வடிவதும் இந்த ஒரு வழியாகத்தான். பெரியவர்களுக்கு அது நீளமாக, சரிவாக இருக்கும். சின்னக் குழந்தைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுத்த வாக்கில் இருக்கும். சளி பிடித்தால் குழாயின் உட்பக்கம் வீங்கி அடைத்துக்கொள்ளும், நடுக்காதில் நீர் கோக்கும். மூக்கில் ஏற்கெனவே குடியிருக்கும் நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற கிருமிகள் அங்கே போய்ப் பெருகும். செவிப்பறை சிவந்து, வெளிப்பக்கமாகப் புடைக்கும். நள்ளிரவில் குழந்தை வீறிட்டு அழுவது இந்தக் கட்டத்தில்தான். ஆறேழு வயதுக்குள் குழாய் நீண்டு சரிவாகிவிடுவதால் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தொல்லை தானாக நின்றுபோகிறது. "வளர வளரச் சரியாகிவிடும்" என்ற பேச்சுக்கு அடிப்படை இதுதான்.

தொற்று அடங்கிய பிறகும் நீர் உடனே போய்விடாது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலான குழந்தைகளின் காதில் இன்னும் நீர் இருக்கும். ஒரு மாதத்தில் சுமார் 40 சதவீதம் பேருக்கும், மூன்று மாதத்தில் சுமார் 10 சதவீதம் பேருக்கும் இருக்கும். இதற்குக் காய்ச்சல் கிடையாது, பெரிய வலியும் கிடையாது. ஆனால் காது கொஞ்சம் மந்தமாகும். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது, டி.வி. சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைக்கும். இந்த நீருக்கு ஆன்டிபயாட்டிக்கால் சொல்லிக்கொள்ளும்படியான பலன் கிடையாது.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பழைய நீர் வடியாமல் இருக்கும் குழந்தைக்குப் புதிதாகச் சளி பிடித்து, டாக்டர் அவசரமாகக் காதைப் பார்த்து, "இன்ஃபெக்‌ஷன்" என்று எழுதிவிட்டால் கணக்கில் ஒன்று கூடிவிடும். குழந்தை காதைப் பிடித்து இழுப்பது தொற்றுக்கு அடையாளமில்லை, தூக்கம் வந்தாலும் இழுக்கும். செவிப்பறை சிவந்திருப்பது மட்டுமே அடையாளமில்லை, அழுதாலே சிவந்துவிடும். புடைப்புதான் நம்பத்தக்க அடையாளம். அதனால் ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் "பறை புடைத்திருக்கிறதா?" என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

நீர் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. காது பார்க்கும் விளக்கோடு சின்ன ரப்பர் பந்து ஒன்றை இணைத்து லேசாக அமுக்கினால், நல்ல செவிப்பறை உள்ளே போய் வெளியே வரும், பின்னால் நீர் இருந்தால் அசையாமல் நிற்கும். இன்னொரு வழி டிம்பனோமெட்ரி. மெத்தென்ற ரப்பர் முனையைக் காது வாயில் வைத்துச் சில நொடிகள் பிடித்தால் தாளில் ஒரு கோடு வரும். நடுவில் மலை மாதிரி எழும்பினால் உள்ளே காற்று, தட்டையாகப் போனால் பெரும்பாலும் நீர். வலிக்காது, ஊசி கிடையாது, குழந்தை அசையாமல் இருந்தால் போதும். காது வலி என்று ஓடும்போது மட்டுமல்லாமல், எல்லாம் சரியாக இருக்கும்போதும் ஒரு முறை போய் இதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான்.

மருத்துவர்கள் "திரும்பத் திரும்ப வருவது" என்று சொல்வதற்கும் ஒரு கணக்கு உண்டு: ஆறு மாதத்தில் மூன்று தடவை, அல்லது ஒரு வருடத்தில் நாலு தடவை வந்து அதில் ஒன்றாவது கடைசி ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். தேதி, எந்தக் காது, காய்ச்சல் எவ்வளவு, என்ன மருந்து, எத்தனை நாள் என்று போனிலேயே குறித்து வையுங்கள். நினைவை நம்பினால் மூன்று ஐந்தாகிவிடும்.

காத்திருப்பது

இதில் இரண்டு வகை. வந்திருக்கும் தொற்றுக்கு உடனே ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் இரண்டு மூன்று நாள் பார்ப்பது ஒன்று. டியூப் பற்றிய முடிவைச் சில மாதம் தள்ளிப்போடுவது இன்னொன்று.

முதல் வகைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 24 மணி நேரத்தில் சுமார் 60 சதவீதக் குழந்தைகளுக்கு வலி நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்தைய இரண்டு மூன்று நாட்களில் ஒரு குழந்தைக்குக் கூடுதலாக வலி குறைய சுமார் 20 குழந்தைகளுக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அதே மருந்தால் 14 பேரில் ஒருவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ தடிப்போ வருகிறது. ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாதெமியின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, இரண்டு வயது தாண்டி, நோய் கடுமையாக இல்லாத குழந்தைக்குக் காத்திருக்கலாம். 6 முதல் 23 மாதக் குழந்தை என்றால் ஒரு காதில் மட்டும் இருந்து, கடுமையாகவும் இல்லையென்றால்தான் காத்திருக்கலாம். 39 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சல், 48 மணி நேரம் நீடிக்கும் வலி, காதிலிருந்து சீழ் வடிவது, சின்னக் குழந்தைக்கு இரண்டு காதிலும் தொற்று, இதில் எது இருந்தாலும் காத்திருக்கும் பேச்சே இல்லை.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமாலோ, ஆறு மாதம் தாண்டியிருந்தால் இபுப்ரோஃபெனோ கொடுத்து வலியை அடக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி வலிக்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது, வலி மருந்துதான் செய்யும். மூக்கடைப்பு மருந்து, அலர்ஜி மருந்து எல்லாம் காதுத் தொற்றைக் குணப்படுத்துவதில்லை. காதுக்குள் எண்ணெயோ வேறெதுவோ ஊற்றவே கூடாது. பறையில் ஓட்டை விழுந்திருந்தால் அது நேராக நடுக்காதுக்குள் போய்விடும்.

இரண்டாவது வகைக் காத்திருப்புக்கும் தைரியம் தரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவரின் குழுவினர், மூன்று வயதுக்கு முன்பே காதில் வெகுநாள் நீர் நின்ற குழந்தைகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே டியூப் வைத்தார்கள். மறு பாதிக்கு ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்டு, அதன் பிறகும் நீர் போகாவிட்டால் மட்டும் வைத்தார்கள். 9 முதல் 11 வயதில் சோதித்தபோது பேச்சு, படிப்பு, நடத்தை எதிலும் உடனே வைத்ததால் கூடுதல் நன்மை தெரியவில்லை. ஆனால் அதில் இருந்தவர்கள் மற்றபடி ஆரோக்கியமான குழந்தைகள். அண்ணப்பிளவு, டவுன் சிண்ட்ரோம், ஏற்கெனவே பேச்சுத் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆறுதலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக்

பெரும்பாலான குடும்பங்கள் உண்மையில் இந்த வழியில்தான் போகின்றன. முதல் மருந்து வழக்கமாக அமாக்சிசிலின். ஒரு மாதத்துக்குள் அதைச் சாப்பிட்டிருந்தாலோ, அது கேட்காமல் போனாலோ கிளாவுலனேட் சேர்த்தது. எத்தனை நாள் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 10 நாள், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நோய் கடுமையாக இல்லையென்றால் 7 நாள், அதற்கு மேல் 5 முதல் 7 நாள் என்பது அதே வழிகாட்டுதல். மருந்தைக் குறைத்தால் நல்லது என்று எல்லாரும் பேசும் காலத்தில், 2016-இல் வந்த ஆய்வு ஒன்று இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் 5 நாளையும் 10 நாளையும் ஒப்பிட்டது. 5 நாள் குழுவில் 34 சதவீதம் பேருக்கும், 10 நாள் குழுவில் 16 சதவீதம் பேருக்கும் சிகிச்சை தோற்றது. குழந்தை மூன்றாம் நாள் சிரித்துவிட்டது என்று பாட்டிலை மூடி வைத்தால் அடுத்த தொற்றை நாமே கூப்பிட்ட மாதிரி.

இந்த வழியின் பலவீனம் வேறு. ஒவ்வொரு தொற்றையும் அது தீர்க்கும், அடுத்தது வருவதைத் தடுக்காது. வருடத்துக்கு ஐந்தாறு தடவை 10 நாள் சிரப் என்றால், குழந்தையின் வயிறும் படுத்தும், கிருமிகளும் மருந்துக்குப் பழகும்.

தடுப்பதற்காகக் குறைந்த டோஸில் மாதக்கணக்கில் தினமும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது முன்பு நடப்பில் இருந்தது. வேலை செய்யாமல் இல்லை, கொடுக்கும் வரை தொற்று குறையும். நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். 2013 வழிகாட்டுதல் இதை வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. யாராவது இதை முதல் யோசனையாகச் சொன்னால், நான் இன்னொரு டாக்டரையும் பார்ப்பேன்.

டியூப்

குரோமெட், டிம்பனோஸ்டமி டியூப், வென்டிலேஷன் டியூப் எல்லாம் ஒன்றுதான். 1954-இல் பெவர்லி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க மருத்துவர் இன்றைய வடிவில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. செவிப்பறையில் சிறு கீறல் போட்டு, ஓரிரு மில்லிமீட்டர் அளவில் நடுவில் துளையுள்ள, நூல் சுற்றும் கட்டை போன்ற வடிவிலான சின்ன உருளையை அதில் பொருத்துவார்கள். உள்ளிருப்பதை வடிய வைப்பதுதான் அதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். முக்கிய வேலை காற்றை உள்ளே விடுவது. தகர டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் உள்ளிருப்பது மடமடவென்று இறங்காது, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் இறங்கும். டியூப் அந்த இரண்டாவது ஓட்டை.

மயக்க மருந்து கொடுத்துத்தான் சின்னக் குழந்தைகளுக்கு வைப்பார்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். பெற்றோருக்குப் பெரிய பயம் இந்த மயக்க மருந்துதான். 2016-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும், அல்லது பல முறை கொடுக்கப்படும் மயக்க மருந்துக்கு. ஒரு தடவை கால் மணி நேரம் அந்தக் கணக்கில் வராது. சில மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை டியூப் நிற்கும், அப்புறம் தானாக வெளியே உதிர்ந்துவிடும். நூற்றில் ஒரு சிலருக்கு உதிர்ந்த பின்னும் ஓட்டை மூடாமல் நிற்கலாம், பறையில் வெள்ளைத் தழும்பு விழலாம். சிலருக்கு இரண்டாவது முறை வைக்க வேண்டியும் வரலாம்.

சரி, பலன் எவ்வளவு? இங்கேதான் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்க வேண்டும். 2021-இல் ஹோபர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி தொற்று வந்த 6 முதல் 35 மாத வயதுள்ள 250 குழந்தைகளில் ஒரு பாதிக்கு டியூப், மறு பாதிக்கு ஒவ்வொரு முறையும் மருந்து என்று பிரித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு வந்த தொற்று, டியூப் குழுவில் 1.48, மருந்துக் குழுவில் 1.56. வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். டியூப் வைத்தவர்களுக்கு முதல் தொற்று கொஞ்சம் தாமதமாக வந்தது, வாய்வழி ஆன்டிபயாட்டிக் நாட்கள் குறைந்தன, காது வடிந்த நாட்கள் கூடின. மருந்துக் குழுவிலும் கணிசமானவர்களுக்குப் பிற்பாடு டியூப் வைக்க வேண்டி வந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இரு குழுவிலும் வயது கூடக் கூடத் தொற்று குறைந்தது.

அப்படியானால் டியூப் வீணா? இல்லை. தொற்று வருவதை அது அவ்வளவாகத் தடுக்காது, வருகிற தொற்றின் தன்மையை மாற்றிவிடும். அடைத்துக்கொண்டு புடைப்பதற்குப் பதில் வெளியே வடிந்துவிடும். ராத்திரி அலறலுக்குப் பதில் காலையில் தலையணையில் மஞ்சள் கறை. வாய்வழி சிரப்புக்குப் பதில் நேராகக் காதில் விடும் ஆன்டிபயாட்டிக் சொட்டு. 2014-இல் நெதர்லாந்தில் டியூப் வைத்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இரண்டு வாரம் கழித்தும் காது வடிந்துகொண்டிருந்தவர்கள் சொட்டு மருந்துக் குழுவில் 5 சதவீதம், சிரப் குழுவில் 44 சதவீதம், ஒன்றும் கொடுக்காத குழுவில் 55 சதவீதம். டியூப் இருக்கும் காது வடிகிறது என்று போனால், காய்ச்சல் இல்லாதபோது, சிரப் வேண்டாம், சொட்டு போதுமா என்று கேளுங்கள். ஆனால் வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை எடுத்து விடாதீர்கள். ஜென்டாமைசின் போன்ற சில வகை மருந்துகள் நடுக்காதுக்குள் போனால் கேட்கும் திறனையே கெடுக்கலாம்.

தண்ணீர் பற்றிய பயமும் அளவுக்கு மிஞ்சியது. குளிக்க, நீந்த எல்லாக் குழந்தைக்கும் காதடைப்பான் தேவையில்லை. ஒரே ஒரு தடவை காது வடிவதைத் தடுக்க ஒரு குழந்தை சராசரியாக 2.8 ஆண்டுகள் அதைச் செருகியே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நான் முதலில் கேட்ட கேள்வி இங்கேதான் பலன் தருகிறது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அகாதெமியின் வழிகாட்டுதல், 2013-இலும் 2022-இல் புதுப்பித்தபோதும் ஒன்றையே சொல்கிறது: அடிக்கடி தொற்று வந்திருந்தாலும், பரிசோதிக்கும் நாளில் இரண்டு காதிலும் நீர் இல்லையென்றால் டியூப் வைக்காதீர்கள். நீர் இருந்தால் வைக்கலாம் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். நீர் தானாக வடிகிறது என்றால் யூஸ்டேஷியன் குழாய் தன் வேலையை ஓரளவு செய்கிறது என்று அர்த்தம், அதற்குக் காலம் கொடுக்கலாம்.

அடினாய்டும் மற்ற சில்லறை வழிகளும்

மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையை எடுப்பது நாலு வயதுக்குக் கீழே காதுக்காக மட்டும் செய்யத் தக்கதல்ல. எப்போதும் வாயால் மூச்சு விடுவது, குறட்டை, தீராத மூக்கடைப்பு இருந்தால் அது வேறு கதை. நாலு வயதுக்கு மேல் டியூப் வைக்கும்போது, அதிலும் இரண்டாவது முறை வைக்கும்போது, சேர்த்து எடுத்தால் மூன்றாவது முறைக்கான தேவை குறையும்.

நீர் மட்டும் நிற்கிற, பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகளுக்கு மூக்கால் ஊதும் பலூன் ஒன்று இருக்கிறது. ஒரு நாசியை மூடிக்கொண்டு மறு நாசியால் ஊதிப் பெரிதாக்க வேண்டும். 320 பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் ஒரு மாதத்தில் 47 சதவீதம் பேருக்குக் காது சரியானது, ஊதாதவர்களில் 36 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை, ஆனால் பக்கவிளைவும் அநேகமாக இல்லை, எனக்குப் பிடித்த வழி. இரண்டு வயதுக் குழந்தையிடம் நடக்காது.

சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்த்த சூயிங்கம் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொற்றைக் கொஞ்சம் குறைக்கிறது, ஆனால் நோய் இல்லாத நாளிலும் தினம் ஐந்து தடவை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த வீட்டில் முடியும்?

உண்மையில் வேலை செய்பவை சாதாரண விஷயங்கள்: நியூமோகாக்கல் தடுப்பூசி, வருடாந்திர ஃப்ளூ தடுப்பூசி, வீட்டில் யாரும் புகைக்காமல் இருப்பது, படுக்க வைத்துப் பாட்டிலில் பால் கொடுக்காமல் இருப்பது, ஆறு மாதத்துக்குப் பிறகு சூப்பானை விடுவிப்பது. பிள்ளைகள் குறைவாக உள்ள குழந்தைக் காப்பகத்துக்கு மாற்ற முடிந்தால் அதுவும் உதவும், ஆனால் எல்லாருக்கும் அந்த வசதி இருக்காது.

நானானால்

பதினெட்டு மாதக் குழந்தை, ஆறு மாதத்தில் மூன்று தடவை தொற்று, இடையில் பார்த்தால் காது காலி, சளிக் காலம் முடியப்போகிறது என்றால் டியூப் வைக்க மாட்டேன். வந்தால் முழு நாள் மருந்து, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி டிம்பனோமெட்ரி. இப்படிப்பட்ட குழந்தைகள் பலர் அடுத்த வருடத்துக்குள் தேறிவிடுவார்கள்.

மூன்று வயது, தொற்று இரண்டே தடவைதான், ஆனால் நாலு மாதமாக இரண்டு காதிலும் தட்டைக் கோடு, வார்த்தைகள் தெளிவாக வரவில்லை என்றால் எண்ணிக்கையைப் பார்க்க மாட்டேன். உடனே கேட்கும் திறன் சோதனை, குறைவு தெரிந்தால் டியூப், கூடவே பேச்சுப் பயிற்சி. டியூப் வைத்ததும் பேச்சு தானாக வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

கஷ்டமானது நடுவில் இருக்கும் குழந்தைதான். பதினாலு மாதம், ஐந்து தொற்று, ஒவ்வொன்றுக்கும் கடுங்காய்ச்சல், சிரப் கொடுத்தாலே வயிற்றுப்போக்கு, பரிசோதிக்கும் நாளில் ஒரு காதில் நீர். ஆய்வு எண்களை மட்டும் பார்த்தால் எந்தப் பக்கமும் போகலாம். இங்கே குடும்பத்தின் நிலையையும் கணக்கில் எடுப்பது தவறில்லை. தூக்கமில்லாத இரவுகளும் ஒத்துக்கொள்ளாத மருந்தும்தான் பெரிய தொல்லை என்றால் நான் டியூப் பக்கம் சாய்வேன், ஏனென்றால் அது குறைப்பது அதைத்தான். மயக்க மருந்து பயம்தான் பெரிது என்றால் மூன்று மாதம் தள்ளிப்போட்டு மறுபடி பார்க்கலாம், பெரிதாக எதையும் இழக்க மாட்டோம். எந்த வழியானாலும் காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவப்பது, காது மடல் முன்னுக்குத் தள்ளி நிற்பது, கழுத்து விறைப்பு, முகம் ஒரு பக்கம் கோணுவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது, இதில் எது தெரிந்தாலும் மறுநாள் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். டியூப் வைத்திருந்தால் அது உதிரும் வரை சில மாதத்துக்கு ஒரு தரமும், உதிர்ந்த பிறகு ஒரு தரமும் ஈ.என்.டி. டாக்டரிடம் காட்ட வேண்டும், ஓட்டை மூடியிருக்கிறதா, நீர் மறுபடி கோத்திருக்கிறதா என்று பார்க்க.